சாரலில் வெள்ளைச் சட்டை

"எதை வாங்கினா அவ மறுபடியும் வருவா, டீச்சர்?"

சிவசைலம் அண்ணாச்சி கேட்டார்.

இலஞ்சிக் குளத்துக்கரை டீக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. குற்றாலத்து மலை மேகத்துக்குள் போய் ஒளிந்திருந்தது. சாரல் அடிக்கிறதா, நின்றுவிட்டதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நேரம்.

ஜெபக்கனி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"யாரு வரணும்?"

"எங்க வீட்டுக்காரி. வடிவு."

தென்காசியில் சாரல் மாதங்களில் ஞாயிறுதோறும் சைக்கிளில் கிளம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் பல் டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சந்தேகம் என்று வந்தால் எல்லோரும் போய் நிற்பது ஜெபக்கனி டீச்சரிடம்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வயது முப்பத்து நாலு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அண்ணாச்சி அவரைவிட இருபத்து நாலு வயது மூத்தவர். பாத்திரக்கடைக்காரர். கடையை மகனிடம் விட்டுவிட்டார். கடைக்காரப் புத்தியை விடவில்லை. இட்லிக்கு ஒரு பாத்திரம், இடியாப்பத்துக்கு ஒரு பாத்திரம், இரண்டுக்கும் உதவாததற்கு இன்னொரு பாத்திரம் என்று விற்றே ஆயுசைக் கழித்தவர். உலகத்தில் எந்தக் குறை என்றாலும் அதற்கென்று ஒரு சாமான் ஏதோ ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

"மதினி என்ன சொல்லுதாவ?"

"முட்டி வலிக்காம்."

"முட்டிக்கு வாங்கிட்டீயளா?"

"உறை வாங்கிக் கொடுத்தேன். சீட்டு குத்துதுன்னா. மெத்து மெத்துன்னு ஒரு கவர் வாங்கினேன். தலை நனையுதுன்னா. ஹெல்மெட்டுக்கு மேல மாட்டுத தொப்பி வாங்கினேன். லைட்டு, பெல்லு, தண்ணி போவாத பை. இப்பம் சைக்கிளே தெரியல டீச்சர். சாமான்தான் தெரியுது."

"வந்தாவளா?"

"இன்னைக்குக் கூப்பிட்டா, துணி தோய்க்கக் கெடக்குன்னு சொல்லிட்டா."

பிழிந்துகொண்டிருந்த கை நின்றது.

"என்ன துணி?"

"துணிதான். அதைப் போயி யாரு பார்த்தா?"

அண்ணாச்சி தன் டீயை அப்படியே வைத்திருந்தார். அதில் சாரல் விழுந்து டீ கூடிக்கொண்டே போயிற்று.

"சீசன்லதான் எங்களுக்கு யாவாரம். வெளியூர்க்காரன் எல்லாம் வந்து நனைவான். நான் கல்லாவுல இருந்து ரோட்டைப் பார்ப்பேன். அவ வீட்டு ஜன்னல்ல இருந்து பார்ப்பா. ஒரு வருஷமாவது ரெண்டு பேரும் சேர்ந்து நனையணும்னுதான் அவளுக்குச் சைக்கிளே வாங்கினேன். மொத வாரம் சின்னப்பிள்ளை மாதிரி வந்தா டீச்சர். ஆடி முடிஞ்சா சாரலும் போயிரும். அடுத்த வருஷம் அவளுக்கு முட்டி நெசமாவே வலிக்கும்."

சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்த்தார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சாமான் வாங்கித் தீராத வருத்தம் அவருக்குப் புதிது.

டீச்சர் அண்ணாச்சியின் சைக்கிளைப் பார்த்தார். மகன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள். கடையிலிருந்து புதிதாக வரும்போது அதற்கு மட்கார்டு இருந்தது. பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று அண்ணாச்சிதான் கழற்றச் சொன்னார். அதற்குப் பிறகு அது பந்தயக் குதிரை மாதிரி நின்றது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க, அண்ணாச்சி."

"வெள்ளையா? எதுக்கு?"

"ரெயின்கோட்டைப் போட வேண்டாம். கையில கொண்டாங்க."

டீச்சர் ஈரக் காலுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

*

அந்த வாரம் முழுக்க அண்ணாச்சி வெள்ளைச் சட்டையைப் பற்றி யோசித்தார்.

மங்கலான வெளிச்சத்தில் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிவதற்காக இருக்கலாம். வெள்ளை மனசு வேண்டும் என்று சொல்கிறாரோ? டீச்சர் சிலசமயம் அப்படியும் சொல்லக்கூடியவர். கடைசியில், கூட்டத்துக்கே வெள்ளையில் ஒரு சீருடை வரப்போகிறது என்று முடிவு செய்து, கடைப்பையனிடம் துணி விலை விசாரிக்கச் சொல்லி வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வடிவு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"வெள்ளையா? சாரல்லயா?"

"டீச்சர் சொன்னாவ."

வடிவு சட்டையின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. ஏன் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. அவள் சிரித்தே சில நாள் ஆகியிருந்ததால் அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"நீயும் வாயேன்."

"நீங்க போயிட்டு வாங்க."

*

தென்காசியிலிருந்து கிளம்பும் இடத்தில் டீச்சர் கை நீட்டினார்.

"கோட்டைத் தாங்க."

கொடுத்தார். முதுகை முழுக்க மூடுகிற நீலக் கோட்டு. சீசன் தொடங்கும்போதே வாங்கியது. டீச்சர் அதைத் தான் மாட்டிக்கொண்டார்.

"சைக்கிளையும் தாங்க."

கொடுத்தார்.

"நீங்க என் சைக்கிள்ல வாங்க. என் பின்னாலயே வரணும். முந்தப்பிடாது. பிந்தவும்பிடாது."

"கூட்டத்துல நான் யாரு பின்னாலயும் வந்ததில்லையே, டீச்சர்."

"தெரியும்."

பாதை நனைந்து கறுத்திருந்தது. வயல் பக்கத்துச் செம்மண் ரோட்டில் கரைந்து ஓடியது. டீச்சர் மிதித்தார். அண்ணாச்சி பின்னால் மிதித்தார்.

பாலம் தாண்டுமுன் முதல் துளி வந்தது. மேலேயிருந்து வரவில்லை. எதிரேயிருந்து வந்தது.

மழைத்துளி என்று நினைத்தார். துடைத்தார். விரல் சிவப்பாக இருந்தது.

பிறகு அது நிற்கவே இல்லை. முன்னால் போகிற சக்கரம் ரோட்டை நக்கி நக்கி அவர் மேல் துப்பிக்கொண்டே போனது. மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. கழுத்துக்குள் இறங்கியது. அண்ணாச்சி வலது பக்கம் ஒதுங்கினார்.

டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

"மதினி எங்கன வருவாவ, அண்ணாச்சி?"

"நேர் பின்னால. கேரளா லாரி வரும்லா. ஒதுங்காத, என் முதுகைப் பார்த்தே வான்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

"அப்பம் என் முதுகைப் பார்த்தே வாங்க."

நேர் பின்னால் வந்தார்.

"மெதுவாப் போங்க, டீச்சர்" என்று சொல்ல அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். செம்மண்ணுக்கு ருசி உண்டு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

முன்னால் போன நீல முதுகு நிமிர்ந்து, நிம்மதியாக, அக்கம்பக்கம் தென்னையைப் பார்த்துக்கொண்டு போனது. அதன் மேல் விழுந்த சேறு விழுந்த வேகத்திலேயே வழிந்து போய்விட்டது. இந்தக் கோட்டை வாங்கிய நாளில் முதுகுச் சேறு தீர்ந்தது என்று வடிவிடம் பெருமை பேசியது அவருக்கு ஞாபகம் வந்தது.

டீக்கடை தெரிகிற வளைவில் ஒரு அடிபம்பு இருக்கிறது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. இந்த மூஞ்சியோடு எப்படிப் போய் நாலு பேர் முன்னால் டீ குடிப்பது? இறங்கினார். பம்பை அடித்தார். தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்தார்.

அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

வடிவு ஒவ்வொரு வாரமும் இந்த இடத்தில்தான் பிந்துவாள்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கடை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து ஏன்தான் மெத்தனமோ என்று அவர் டீக்கடையிலிருந்து கத்துவார். அவள் வந்து சேரும்போது முகம் கழுவித் துடைத்து, மஞ்சள் சுடிதாரின் முன்பக்கத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் துப்பட்டாவில் அப்பியிருந்ததைக்கூட அவர் பார்த்தார். பார்த்து, "சேத்தைப் பார்த்து ஓட்டப்பிடாதா?" என்று கேட்டார்.

கேட்டாரே.

பம்பிலிருந்து தண்ணீர் தானாகச் சொட்டி நின்றது. அண்ணாச்சிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு சட்டையைக் குனிந்து பார்த்தார். கழுத்துப்பட்டையிலிருந்து தொப்பை வரை நட்ட நடுவே ஒரு செம்மண் பட்டை. யாரோ அளவெடுத்துப் பூசியது போல நேராக இருந்தது. நேர் பின்னால் வந்தால் நேராகத்தான் இருக்கும்.

டீக்கடையில் டீச்சர் நீலக் கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நல்ல கோட்டு, அண்ணாச்சி."

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சாரல் எப்படி? சொர்க்கமா இருந்துச்சா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய கேள்வி. ஒவ்வொரு வாரமும் இதே பெஞ்சில் உட்கார்ந்து, பம்பிலிருந்து வருகிற வடிவிடம் இதே வார்த்தைகளில் கேட்பார். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வடிவு "ம்" என்பாள்.

"ம்," என்றார் அண்ணாச்சி.

டீ வந்தது. பாதி குடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவ ஏன் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஏன் வழி நெடுக ஒரு வார்த்தை சொல்லல?"

"வாயைத் தொறந்தா சேறுல்லா உள்ள போவுது."

டீச்சர் டீயை ஊதிக் குடித்தார்.

*

வீட்டுப் பின்கட்டில் வடிவு துவைகல் பக்கம் நின்றாள். சட்டையைப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு யாரு பின்னால போனீய?"

"டீச்சர் பின்னால. அவிய என் சைக்கிள்ல போனாவ."

வடிவு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, சட்டைக்காகக் கையை நீட்டினாள். அண்ணாச்சி கொடுக்கவில்லை. தானே வாளியில் முக்கி, சோப்பைப் போட்டு, கல்லில் வைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பட்டை அகலமாயிற்று.

"ஈரத்தோட தேய்க்காதீய. நூலுக்குள்ள ஏறிக்கிடும். மொதல்ல காயணும். காஞ்ச பிறகு உதறினா பாதி போயிரும். மிச்சத்தை ராத்திரி ஊற வைக்கணும்."

இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சோப்பைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, வடிவு."

"எங்க சொல்ல? டீக்கடை வந்ததும் திரும்பிப் பார்த்து, சொர்க்கமா சொர்க்கமான்னு கேப்பீய. கடையில இருந்த காலத்துல நான் உங்க அந்தச் சிரிச்ச மூஞ்சியைப் பார்த்ததே இல்ல. அதைப் பார்த்துக்கிட்டு சேறுன்னு எப்படிச் சொல்ல? முட்டின்னு சொன்னேன்."

அண்ணாச்சி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். அதுவும் ஈரம். வடிவு அதைச் சொல்லவில்லை.

*

சைக்கிள் கடைக்காரர் நாலு விதமான மட்கார்டுகளை எடுத்துப் போட்டார்.

"இது புது மாடல், அண்ணாச்சி. கனமே இருக்காது. உங்க முதுகுல ஒரு துளி படாது."

"என் முதுகுக்கு இல்ல."

"பிறகு?"

அண்ணாச்சி மூன்றை ஒதுக்கித் தள்ளினார். நீளத்தில் பெரிய கறுப்பை எடுத்துப் பூட்டச் சொன்னார். பூட்டியதும் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றச் சொல்லி, தான் போய் சக்கரத்துக்குப் பின்னால் குந்தினார்.

"நனைஞ்சிருவீய."

"நனைஞ்சாத்தானே தெரியும். நீரு சுத்தும்."

காலில் தெறித்தது. இடுப்பில் தெறித்தது. டீச்சர் சைக்கிளில் மட்கார்டின் நுனியில் தண்ணீர்க் கேனை வெட்டி ஒரு துண்டு தொங்கவிட்டிருந்தது ஞாபகம் வந்தது. இது எதுக்கு வால் என்று முன்பு ஒருநாள் அவர் கேலி செய்திருக்கிறார். பழைய கேன் ஒன்றை வாங்கி, தரையைத் தொட நாலு விரல் இடைவெளி விட்டு அதே மாதிரி வெட்டிக் கட்டச் சொன்னார்.

மறுபடி குந்தினார். கடைக்காரர் மறுபடி சுற்றினார். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர்களுக்குப் பட்டிருக்கும்.

ஒரு துளி வரவில்லை.

அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறினார். ரொம்ப நாளைக்கப்புறம் சரியான சாமானை வாங்கிய திருப்தி.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஆடியின் கடைசி ஞாயிறு.

அண்ணாச்சி சைக்கிளை வாசலில் கொண்டுவந்து பின்பக்கம் திருப்பி நிறுத்தினார். கூப்பிடவில்லை. சும்மா நின்றார்.

வடிவு வெளியே வந்தாள். மட்கார்டைப் பார்த்தாள். குனிந்து நுனியில் தொங்கிய துண்டை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

"பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கு."

"ஆமா."

"நல்லா இருக்கு."

உள்ளே போனாள். மஞ்சள் சுடிதாரில் திரும்பி வந்தாள்.

*

ஜெபக்கனி டீச்சர் அன்று பிந்திக் கிளம்பினார். அதனால் இலஞ்சிப் பாதையில் வயல்கள் தொடங்குகிற இடத்தில்தான் அண்ணாச்சியைப் பிடித்தார்.

அண்ணாச்சி தனியாக மிதித்துக்கொண்டிருந்தார். கோட்டு இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கியது.

டீச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பாதை காலியாகக் கிடந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடிற்று.

"மதினி வரலியா?"

"வந்திருக்கா."

"மட்கார்டு பூட்டிட்டீயளே. எப்படி இருக்காம்? என்ன சொன்னாவ?"

அண்ணாச்சி ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து முன்னால் நீட்டினார்.

தூரத்தில், அடிபம்பையும் தாண்டி, ஒரு மஞ்சள் சுடிதார் போய்க்கொண்டிருந்தது. கூடையும் மட்கார்டும் செயின் கவரும் கடையில் கொடுத்தபடியே இருக்கிற லேடீஸ் சைக்கிள். ஒரு சொட்டுச் சேறு கிளப்பாமல் போயிற்று. மேட்டில் ஏறும்போது பெல் அடித்தது. முன்னால் யாருமே இல்லை, சும்மாதான் அடித்தது.

"அதை நான் எப்படிச் சொல்ல, டீச்சர்?" என்றார் அண்ணாச்சி. "அவ பின்னால வந்தால்லா தெரியும்."